சர்வரில் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது? முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள்

பழைய சர்வர் ஒன்று உங்கள் தலையில் வந்து விழுகிறது. முன்பு பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார், குறிப்பும் இல்லை. எதிலும் கை வைப்பதற்கு முன் உள்ளே என்னென்ன பேக்கேஜ், அதாவது மென்பொருள் பொதி, நிறுவியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இங்கே வரும் கட்டளைகள் எதையும் மாற்றாது, ரூட் (முழு நிர்வாகி) அனுமதியும் தேவையில்லை. போனில் சொல்வதுபோலச் சொல்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், எந்த லினக்ஸ்? எடிசி கோப்புறையில் இருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைக் கேட் (சி, ஏ, டி) கட்டளையால் திறந்தால் பெயரும் பதிப்பும் தெரியும். பேக்கேஜ்களைக் கவனிக்கும் கருவி அதைப் பொறுத்தது. டெபியன், உபுண்டு என்றால் டிபிகேஜி. ரெட் ஹேட், ராக்கி, அல்மா என்றால் ஆர்பிஎம்.

உபுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிபிகேஜி, இடைவெளி, சிறு கோடு, எல். அது எல் எழுத்துதான், ஒன்று இல்லை. நீளமான பட்டியல் வரும். கடைசியில் பைப் குறி (செங்குத்துக் கோடு) போட்டு லெஸ் சேர்த்தால் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். க்யூ அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்து இருக்கும். முதலாவது பேக்கேஜ் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறோம் என்பது, இரண்டாவது இப்போது எப்படி இருக்கிறது என்பது. ஐஐ என்றால் ஒழுங்காக நிறுவியிருக்கிறது. ஆர்சி என்றால் பேக்கேஜை நீக்கியாயிற்று, அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சம். ஒருமுறை இதைக் கவனிக்காமல் "இந்த சர்வரில் மைஎஸ்க்யூஎல் இருக்கிறது" என்று மேலதிகாரிக்கு மெயில் போட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

ரெட் ஹேட் பக்கம் வேலை சுலபம்: ஆர்பிஎம், இடைவெளி, சிறு கோடு, க்யூஏ. அதோடு இரட்டைக் கோடு போட்டு லாஸ்ட் சேர்த்தால், கடைசியாக நிறுவியது மேலே வரும். 'நேற்று வரை ஓடியது சார்' என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் அடிப்பது இதைத்தான்.

பெயரில் ஏமாறாதீர்கள். அப்பாச்சி வெப் சர்வர் உபுண்டுவில் அப்பாச்சி2, ரெட் ஹேட்டில் ஹெச்டிடிபிடி. பெயர் மாறினால் தேடலில் சிக்காது.

அப்புறம், இந்தப் பட்டியலுக்கு வெளியேயும் மென்பொருள் இருக்கும். மூலநிரலிலிருந்து கட்டியது, பிப் (பைத்தான் மொழிக்கான நிறுவி) வழியாக வந்தது, டாக்கர் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடுவது எதுவும் இதில் வராது. உதாரணமாக உபுண்டுவில் நோட் (என், ஓ, டி, இ; ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது, பட்டியலில் காணோம். விச் (டபிள்யூ, ஹெச், ஐ, சி, ஹெச்), இடைவெளி, நோட் என்று அடித்தால் அது இருக்கும் பாதை வரும். அந்தப் பாதையை டிபிகேஜி, சிறு கோடு, பெரிய எஸ் கட்டளைக்குக் கொடுங்கள். எந்தப் பேக்கேஜும் அதற்குச் சொந்தம் கொண்டாடவில்லை என்றால், பெரும்பாலும் யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். உபுண்டுவில் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஏபிடி அதைப் புதுப்பிக்காது. தனியாகக் குறித்து வையுங்கள்.