லண்டனில் ரயில் மாறும்போது கார்டை எங்கே தட்டணும், எங்கே தட்டவே கூடாது

ஒரே ரயிலில் ஏறி இறங்குகிறவருக்கு ஆய்ஸ்டர் கார்டில் (பணம் ஏற்றி வைத்து லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிப் போகிற கார்டு) குழப்பமே இல்லை. ஏறும் ஸ்டேஷனில் மஞ்சள் ரீடர் (கார்டைத் தட்டும் கருவி), இறங்கும் ஸ்டேஷனில் மஞ்சள் ரீடர், அவ்வளவுதான். நடுவில் ரயில் மாறும்போதுதான் தலை சுற்றும். ஒரு ஸ்டேஷனில் கேட் குறுக்கே நிற்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது, வேறொன்றில் பிளாட்பாரத்தில் ரோஸ் நிற ரீடர் ஒன்று நிற்கும். தட்ட வேண்டிய இடத்தில் விட்டாலும் பணம் போகும், தட்டக்கூடாத இடத்தில் தட்டினாலும் போகும்.

முதலில் மூன்று வரியில் விதி. கேட் குறுக்கே வந்தால் தட்டுங்கள். கேட்டும் இல்லாமல், வீதிக்கும் வராமல் அடுத்த பிளாட்பாரத்துக்குப் போக முடிந்தால் மஞ்சள் ரீடர் பக்கமே போகாதீர்கள். ரோஸ் ரீடர் கண்ணில் பட்டால் ஒருமுறை தட்டுங்கள். பத்தில் ஒன்பது இடங்களுக்கு இது போதும். மீதி ஒன்றுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம்.

கார்டு எப்படிக் கணக்குப் போடுகிறது

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆய்ஸ்டரில் உள்ளே போகத் தட்டியதும் ஒரு பயணம் "திறக்கிறது". நீங்கள் எங்கே போவீர்கள் என்று ரீடருக்குத் தெரியாது. அதனால் அதிகபட்சக் கட்டணத்தை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே தட்டும்போது உண்மையான கட்டணத்தைக் கணக்கிட்டு மீதியைத் திருப்பிப் போட்டு, பயணத்தை "மூடும்". மூடாமல் விட்டால் பிடித்தது பிடித்ததுதான். திறக்காமலே வெளியே தட்டினால், எங்கிருந்து வந்தீர்கள் என்று தெரியாததால் மறுபடியும் அதிகபட்சக் கட்டணம்.

வங்கி கார்டு, போன் போன்ற கான்டாக்ட்லெஸில் பணம் உடனே பிடிக்கப்படாது. அன்றைய தட்டல்களையெல்லாம் சேர்த்து இரவில் கணக்கிடுவார்கள். ஆனால் திறப்பதும் மூடுவதும் அதே தர்க்கம்தான். இரண்டிலும் 'நாள்' என்பது அதிகாலை 4:30 முதல் மறுநாள் 4:29 வரை. ஒரு நாளைய உச்சவரம்பும் (ஒரு நாளில் இதற்கு மேல் பிடிக்காது என்கிற தொகை) அந்தக் கணக்கிலேயே ஓடும்.

கேட் இல்லாத மாற்றம்

கிரீன் பார்க்கில் விக்டோரியா லைனிலிருந்து ஜூபிலி, பேங்க்கில் டி.எல்.ஆரிலிருந்து (டாக்லண்ட்ஸ் லைட் ரயில்வே) நார்தர்ன் லைன், கானிங் டவுனில் டி.எல்.ஆரிலிருந்து ஜூபிலி: எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடக்கிற மாற்றங்கள். பயணம் திறந்தபடியே இருக்கிறது. கார்டை வெளியே எடுக்கவே வேண்டாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் டி.எல்.ஆரில்தான். அங்கே பல ஸ்டேஷன்களில் கேட்டே கிடையாது, படிக்கட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் ரீடர் தனியாக நிற்கும். டி.எல்.ஆருக்குப் பழகியவர்களுக்கு ரீடரைப் பார்த்தாலே கை நீண்டுவிடும். வேறு ரயிலுக்கு மாறப் போகிறவர் அதில் தட்டினால் பயணம் அங்கேயே மூடிவிடும். அடுத்த ரயிலில் திறந்த பயணம் இல்லாமல் ஏறி, கடைசி ஸ்டேஷனில் வெளியே தட்டும்போது அதிகபட்சக் கட்டணம் விழும். நடுவில் டிக்கெட் பரிசோதகர் வந்தால் நிலைமை இன்னும் மோசம், செல்லுபடியாகும் தட்டல் எதுவும் உங்களிடம் இருக்காது. தவறித் தட்டிவிட்டது உடனே உறைத்தால் ஏறுவதற்கு முன்பே ஊழியரைத் தேடிச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கம்: டி.எல்.ஆரில் பயணத்தைத் தொடங்குகிறவரும் முடிக்கிறவரும் கேட் இல்லை என்பதற்காகத் தட்டாமல் நடந்துவிடக் கூடாது. கேட் உள்ள ஸ்டேஷன்களிலும், கூட்டத்துக்காகவோ இரவு நேரத்திலோ கேட்டைத் திறந்தே வைத்திருப்பார்கள். திறந்து கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

வெளியே வந்து மறுபடி உள்ளே போகிற மாற்றம்

வாட்டர்லூவுக்குத் தென்மேற்கிலிருந்து ரயிலில் வந்து ஜூபிலி லைனில் ஏறப் போகிறீர்கள். ரயில் பிளாட்பார கேட்டில் தட்டி வெளியே வர வேண்டும், ட்யூப் (சுரங்க ரயில்) கேட்டில் தட்டி மறுபடி உள்ளே போக வேண்டும். இரண்டு தட்டல், ஆனால் கணக்கில் ஒரே பயணம். விக்டோரியா, யூஸ்டன், லண்டன் பிரிட்ஜ் போன்ற பெரிய முனையங்களிலும் இப்படித்தான். வெளியே வரும் கேட்டில் ஒரு தொகையைப் பார்த்துவிட்டு "இரண்டு டிக்கெட் போட்டுவிட்டான்" என்று பதற வேண்டாம். இரண்டாவது தட்டலில் பழைய பயணம் திரும்பத் திறந்து, கடைசியில் மொத்தத்துக்கும் ஒரே கட்டணம் வரும்.

தனித்தனிப் பெயருள்ள ஸ்டேஷன்களுக்கு நடுவே வீதியில் நடந்து மாறுவதும் இதே வகை. வால்தம்ஸ்டோ சென்ட்ரல் – வால்தம்ஸ்டோ குயின்ஸ் ரோடு, கேம்டன் டவுன் – கேம்டன் ரோடு, ஃபாரஸ்ட் கேட் – வான்ஸ்டெட் பார்க், டவர் ஹில் – டவர் கேட்வே, போ ரோடு – போ சர்ச், கென்டன் – நார்த்விக் பார்க் ஆகியவை இணைத்து வைக்கப்பட்ட ஜோடிகளில் சில. எல்லாப் பக்கத்து ஸ்டேஷன்களும் இப்படி இணைக்கப்பட்டவை அல்ல. வரைபடத்தில் அருகருகே தெரிவதை நம்பாதீர்கள்.

இதில் நேர வரம்பு உண்டு. வெளியே தட்டியதிலிருந்து உள்ளே தட்டும் வரைதான் அந்த நேரம். ஜோடிக்கு ஜோடி மாறும், நடக்க ஆகும் நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொடுத்திருப்பார்கள். நடுவில் கடைக்குள் நுழைந்து வரிசையில் நின்றீர்களானால் வரம்பு தாண்டி, இரண்டு தனிப் பயணங்களாக இரண்டு கட்டணம் விழும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு முனையத்துக்கு வந்து, யாரிடமோ ஒரு பொருளை வாங்கிக்கொண்டு உடனே திரும்புகிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை போனது ஒரு பயணம், வந்தது ஒரு பயணம். ஆனால் வரம்புக்குள் உள்ளே தட்டிவிட்டதால் கணினி இரண்டையும் ஒட்டிவிடும். புறப்பட்ட ஸ்டேஷனிலேயே வந்து முடிகிற ஒரு நீண்ட பயணமாக அது தெரியும். ஒவ்வொரு பயணத்துக்கும் அதிகபட்ச நேரம் ஒன்று உண்டு, அது கடக்கும் மண்டலங்களைப் (கட்டணத்துக்காக லண்டனைப் பிரித்திருக்கும் வட்டங்கள், நடுநகரம் மண்டலம் 1) பொறுத்தது. அதைத் தாண்டினால் அதிகபட்சக் கட்டணம், அதுவும் இரண்டு. சும்மா போய்விட்டு வருகிற நாளில் அவசரமில்லையென்றால் சற்றுத் தாமதித்தே உள்ளே தட்டுங்கள்.

நெரிசல் நேரக் கட்டணம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30–9:30, மாலை 4:00–7:00. இணைந்த பயணத்தில் முதல் தட்டல் எப்போது என்பதே கணக்கு. 9:20க்குத் தொடங்கி 9:45க்கு வாட்டர்லூவில் இரண்டாம் முறை தட்டினாலும் அது நெரிசல் நேரப் பயணமே.

ரோஸ் ரீடர்

இதைப் பலர் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். உண்மையில் மாற்றங்களில் பணம் மிச்சமாவது இங்கேதான்.

லண்டனில் மண்டலம் 1 வழியாகப் போனால் கட்டணம் அதிகம், சுற்றிப் போனால் குறைவு. ஆனால் ஏறிய இடமும் இறங்கிய இடமும் மட்டுமே தெரிந்த கணினிக்கு நீங்கள் எந்த வழியில் போனீர்கள் என்று தெரியாது. சந்தேகம் வந்தால் பல நேரம் நடுநகரம் வழியாகப் போனதாகவே எடுத்துக்கொள்ளும். "நான் சுற்றித்தான் வந்தேன்" என்று சொல்லும் சாட்சிதான் ரோஸ் ரீடர்.

வால்தம்ஸ்டோ சென்ட்ரலிலிருந்து ரிச்மண்ட் போவதாக வைத்துக்கொள்வோம். விக்டோரியா லைனில் ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் வரை வந்து இறங்குகிறீர்கள், அது மண்டலம் 2. அங்கிருந்து ஓவர்கிரவுண்ட் (ட்யூப் அல்லாத லண்டன் நகர ரயில்) தடமான மைல்ட்மே லைன் பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் கேட் எதுவும் இல்லை. பிளாட்பாரத்தில் ரோஸ் ரீடர் நிற்கும். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து ஒருமுறை தட்டிவிட்டு ரயிலில் ஏறுங்கள். வெம்ப்ளி சென்ட்ரலிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வில்ஸ்டன் ஜங்ஷனில் மாறிப் போகிறவருக்கும் இதேதான். நடுநகரத்துக்குள் கால் வைக்காமல் போகிற வழி அது, நிரூபணம் வில்ஸ்டனில் இருக்கும் ரோஸ் ரீடர்.

ஸ்ட்ராட்ஃபோர்டு, கனடா வாட்டர், காஸ்பெல் ஓக், பிளாக்ஹார்ஸ் ரோடு, வொயிட்சேப்பல், கன்னர்ஸ்பரி, வெஸ்ட் பிராம்ப்டன், ரிச்மண்ட் எல்லாவற்றிலும் ரோஸ் ரீடர் உண்டு. 2024 இறுதியில் ஓவர்கிரவுண்டின் ஆறு தடங்களுக்கும் தனித்தனிப் பெயர் வந்துவிட்டதால் (லயனஸ், மைல்ட்மே, வின்ட்ரஷ், வீவர், சஃப்ராஜெட், லிபர்ட்டி) பழைய வழிகாட்டிகளில் வெறுமனே "ஓவர்கிரவுண்ட்" என்று இருப்பதை இப்போதைய பலகைகளோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஸ் ரீடரில் தட்டுவதால் கூடுதலாகப் பணம் பிடிக்காது, எனவே சந்தேகமாக இருந்தால் தட்டிவிடுவதே மேல். ஆனால் அது பயணத்தைத் திறக்கவும் செய்யாது, மூடவும் செய்யாது. அங்கே தட்டிவிட்டு "உள்ளே வந்தாயிற்று" என்று பயணத்தைத் தொடங்கினால் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகவே ஆகும். தொடக்கமும் முடிவும் எப்போதும் மஞ்சள்தான்.

அடிக்கடி போகிற வழியென்றால் டி.எஃப்.எல் (லண்டன் போக்குவரத்து நிறுவனம்) இணையதளத்தில் ஒற்றைப் பயணக் கட்டணம் பார்க்கும் பக்கத்தில் இரண்டு ஸ்டேஷன்களையும் கொடுத்துப் பாருங்கள். மாற்று வழி இருந்தால் அதன் கட்டணமும், எந்த ஸ்டேஷனில் ரோஸ் ரீடரில் தட்டணும் என்பதும் தனியாக வரும்.

விம்பிள்டன்: டிராமுக்கு மாறுகிறவர்கள்

டிராமில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், இறங்கும்போது வேண்டாம். பஸ் மாதிரிதான். விம்பிள்டனில் மட்டும் டிராம் பிளாட்பாரம் ஸ்டேஷனுக்கு உள்ளேயே இருக்கிறது. ட்யூபிலோ ரயிலிலோ வந்து டிராமுக்கு மாறும்போது நடுவில் கேட் வராது. மேலே சொன்ன விதிப்படி தட்டாமல் போகத் தோன்றும். கூடாது. டிராம் பிளாட்பாரத்தில் உள்ள ரீடரில் கட்டாயம் தட்டுங்கள், இல்லாவிட்டால் ரயில் பயணம் மூடப்படாமல் தொங்கும், டிராமுக்கும் டிக்கெட் இருக்காது. வீதியிலிருந்து கேட் வழியாக வந்து டிராமில் ஏறுகிறவரும் அந்த ரீடரில் இரண்டாவது முறை தட்டத்தான் வேண்டும்.

கார்டு மாறினால் எல்லாம் கெட்டது

உள்ளே தட்டியது எதனாலோ, வெளியேயும் அதனாலேயே. ஒரே வங்கிக் கணக்குதானே என்று உள்ளே பிளாஸ்டிக் கார்டும் வெளியே போனும் பயன்படுத்தினால் அவை இரண்டு வெவ்வேறு கார்டுகளாகவே பதிவாகும். ஒன்றில் முடியாத பயணம், இன்னொன்றில் தொடங்காத பயணம், இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம். போனும் வாட்ச்சும்கூட தனித்தனிதான். பர்ஸோடு சேர்த்து ரீடரில் அழுத்துகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் கார்டுகளில் எதை வேண்டுமானாலும் ரீடர் எடுத்துக்கொள்ளும். ரயில் மாறும் நாளில் தட்டல்கள் கூடுவதால் இந்த ஆபத்தும் கூடும்.

ஒரு கார்டில் இரண்டு பேர் போக முடியாது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குத் தனித்தனிக் கார்டு வேண்டும். இந்திய வங்கிக் கார்டென்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் கான்டாக்ட்லெஸையும் வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். ரயில்கார்டு சலுகை உள்ளவர்கள் அதை ஸ்டேஷன் ஊழியரிடம் சொல்லி ஆய்ஸ்டரில் ஏற்றிக்கொள்ளலாம், வங்கிக் கார்டில் ஏற்ற முடியாது.

எலிசபெத் லைனில் மேற்கே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெஸ்ட் டிரேட்டனுக்கு அப்பால், ரீடிங் வரை, கான்டாக்ட்லெஸ் மட்டுமே செல்லும். ஆய்ஸ்டரில் உள்ளே தட்டிவிட்டு மாறி ஸ்லௌவில் இறங்கினால் மூட வழியில்லை.

தவறு நடந்துவிட்டால்

மறுநாள் காலையில் டி.எஃப்.எல் கணக்கிலோ செயலியிலோ பயண விவரத்தைப் பாருங்கள். கார்டைக் கணக்கில் பதிவு செய்திருந்தால்தான் இது எளிது, அதனால் வாங்கிய அன்றே பதிந்துவிடுங்கள். முடியாத பயணம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். விடுபட்ட ஸ்டேஷனையும் காரணத்தையும் கொடுத்துத் திருத்தம் கேட்கலாம். சில நேரம் நீங்கள் கேட்காமலே பணம் திரும்பி வந்திருக்கும். இரண்டு கார்டு மாறித் தட்டிய கேஸில் இரண்டையும் குறிப்பிட்டால்தான் விஷயம் புரியும்.

பரிசோதகரிடம் மாட்டினால் நிலைமை வேறு. அபராதம் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 50. உண்மையாகவே குழப்பத்தில் நடந்ததென்றால் எங்கே தட்டினீர்கள், எங்கே மாறினீர்கள், எத்தனை மணி என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் அந்த விவரங்கள் தேவைப்படும்.