சென்னை – மதுரை: கேதத்துக்கு வருகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலைவழி சுமார் 460 கிலோமீட்டர். விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கல்யாணத்துக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். வெளிநாட்டிலிருந்து கேதத்துக்கு வருகிறவர்களுக்குப் போதாது.

அம்மா தவறிய சேதி வந்ததிலிருந்து பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு வர்ற? எடுக்கிற நேரத்தை ஊருக்குச் சொல்லணும்ப்பா." சென்னையில் இறங்கிப் பேசியதுமே, "ப்ளேன்ல ஒரு மணி நேரம்தானே, மதியத்துக்குள்ள வந்துருவ" என்று அவராகவே முடிவுகட்டிப் பந்தலில் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தில் எதெல்லாம் சேராது என்று கேளுங்கள். குடியேற்ற வரிசை. மதுரை வரை ஒரே டிக்கெட் என்றாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். பிறகு உள்நாட்டு முனையம், இன்னொரு சோதனை. மதுரை விமான நிலையமோ ஊருக்குத் தெற்கே, அவனியாபுரம் பக்கம். எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கும் அப்பால். நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி என்று மேற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அன்று மதுரை விமானம் தாமதம். கவுண்ட்டரில் கேதம் என்று சொல்லியும் "இன்னும் அரை மணி நேரம் சார்" என்பதே பதில். இடையிடையே பெரியப்பா: "பொழுது சாஞ்சுக்கிட்டு இருக்கு. கோடித்துணி போட்டாச்சு. வெளியூர்க்காரக எல்லாம் கெளம்பணும்கிறாக." அம்மா ஐஸ் பெட்டியில்தானே இருக்கிறார், ஒரு ராத்திரி பொறுத்தால் என்ன? பெரியப்பா மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி அலைந்தவர்கள் அவரும் தம்பியும். நான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவன். "எனக்காக வைத்திருங்கள்" என்று அதட்டிச் சொல்ல வாய் எழவில்லை. செக்கானூரணி தாண்டும்போது போன் வந்தது. எடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் வழியாக வர முடிகிறவர்கள் திருச்சி டிக்கெட்டை முதலில் பாருங்கள். அங்கிருந்து மதுரை சுமார் 135 கிலோமீட்டர். விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியே நான்குவழிச் சாலை, இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். கொழும்பிலிருந்து மதுரைக்கே நேர் விமானம் இருக்கிறது.

சென்னைதான் வழி என்றால், நள்ளிரவில் இறங்குகிறவர்கள் விடியும்வரை விமான நிலையத்தில் உட்கார வேண்டாம். காரில் எட்டு மணி நேரம் ஆகும்; ஆனாலும் எந்தக் கவுண்ட்டரையும் நம்பி நிற்க வேண்டியதில்லை. பகலில் தூங்கி எழுந்த டிரைவராக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வந்தே பாரத் தாம்பரத்தில் நின்று ஆறு மணி நேரத்துக்குள் மதுரை சேர்க்கும், ஆனால் அதிகாலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்றுதான்.

ஊரிலிருந்து யார் கேட்டாலும் விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலுக்கு வரும் நேரத்தை, அதுவும் மூன்று மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். விமானம் ஏறுமுன் தம்பியிடமோ தங்கையிடமோ தனியாகப் பேசிவிடுங்கள்: இருட்டுவதற்குள் நான் வராவிட்டால் நீயே கொள்ளி வை, எனக்கு வருத்தமில்லை என்று. என் தம்பி அன்று யாரிடமும் கேட்க முடியாமல் தவித்திருக்கிறான்.