உலோக வால்வும் வார்ஃபரினும்: வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

அம்மாவுக்கு இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு மாற்றி ஆறு வருடம். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அதன் இரண்டு இதழ்களையும் தடிக்க வைத்துவிட்டது. இப்போது இருப்பது உலோக வால்வு. செவ்வாய்ப்பேட்டை வீட்டில் ராத்திரி ஃபேனை நிறுத்தினால் டிக் டிக் என்று கேட்கும்.

அதில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் வார்ஃபரின். தினமும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டு, காலண்டரில் குறித்துவிடுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்கு டாக்டர் சொன்ன அளவு 2.5 முதல் 3.5. கீரையை நிறுத்த வேண்டாம், ஆனால் சாப்பிடும் அளவு மாறக் கூடாது; கீரை கூடினால் வார்ஃபரினின் வேலை குறையும். ஏற்காட்டில் சித்தி வீட்டில் தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்ட வாரம் ஐஎன்ஆர் 1.6க்கு இறங்கிவிட்டது, பயந்தே போனோம்.

மூட்டுவலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். பல் பிடுங்குவதற்கு முன்பே இதய டாக்டரைக் கேளுங்கள். மலம் கருத்தாலோ, பேச்சு குழறினாலோ, அந்த டிக் சத்தம் மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.