கொழும்புக்குப் புதிதாக வருபவர்கள் கேலியை எதிர்கொள்ளும் முறை

ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலைக்கும் படிப்புக்குமாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்துத் தங்குகிறவர்களைச் சிங்களம் தெரியாத சங்கடத்தைவிடக் கூடுதலாக நோகடிப்பது, தமிழரே தமிழரைப் பார்த்துச் செய்யும் நையாண்டிதான். மலையகத்தவரைத் ‘தோட்டக்காட்டான்’ என்பதும், யாழ்ப்பாணத்தவரைப் ‘பனங்கொட்டை’ என்பதும், மட்டக்களப்பு என்றதுமே ‘மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவீர்களே’ என்று சிரிப்பதும் நெடுங்காலமாக வாய்வழி வந்தவை. காதில் வாங்காமல் போய்விடு என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதியை நான் ஏற்பதில்லை. கேட்டும் பேசாதிருந்தால், அது உங்களுக்குச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

முதலில், சொல்கிறவர் தெரியாமல் சொல்கிறாரா, வேண்டுமென்றே சொல்கிறாரா என்று பாருங்கள். மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடும்போது, ‘உங்களைப் பார்த்தால் தோட்டத்து ஆள் மாதிரியே இல்லை’ என்று ஒருவர் பாராட்டாகவே சொல்லக்கூடும். கோபப்படாமலும் சிரித்து மழுப்பாமலும், ‘தோட்டத்து ஆள் எப்படி இருப்பார் என்று நினைத்திருந்தீர்கள்?’ என்று சாதாரணக் குரலில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். பலர் அந்த இடத்திலேயே தடுமாறுவார்கள். அவர்களில் சிலர் பிறகு தனியாக வந்து பேசுவார்கள், அவர்களோடு நட்பாக இருக்கலாம். வேண்டுமென்றே சொல்கிறவரிடம் விளக்கம் வீண். ‘என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்’ என்ற ஒரே வாக்கியத்தை, அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும், மற்றவர்கள் கேட்கும்படி சொல்லுங்கள்.

உங்கள் ஊரின் வரலாற்றைத் தெரிந்து வைத்திருப்பது பெரிய பலம். கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை மலையகத் தொழிலாளரின் உழைப்பால் நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக வளர்ந்தது. அதே மக்களில் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அதன் பிறகும் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இவற்றை அறிந்த ஒருவரால் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) வாழ்க்கையைக் கேலிக்குரியதாகப் பேச முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பேருந்திலும் கடையிலும் சமாளிக்கச் சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஊர்த் தமிழை மறைக்காதீர்கள். பேச்சை மாற்றிக்கொண்டவர்கள் எந்நேரமும் எங்கே பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்துடன் பேசுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பல ஊர்த் தமிழும் கலந்து ஒலிக்கும் இடங்களைத் தேடிச் செல்வது இந்தப் பயத்தைக் குறைக்கும். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. அதன் நூலகத்திலும் கூட்டங்களிலும் அறிமுகமாகும் நாலு பேர், அறைக்குள் தனியே வெதும்பிக்கொண்டிருப்பதை நிறுத்தப் போதும். அங்கே இன்னோர் ஊர்க்காரரை யாராவது நையாண்டி செய்தால், நம்மைச் சொல்லவில்லையே என்று சேர்ந்து சிரிக்காதீர்கள்.

கேலி வேலையையோ படிப்பையோ பாதிக்கும் நிலை வந்தால், நடந்ததைத் திகதி, இடம், சொன்ன சொல், கேட்டிருந்தவர் பெயர் ஆகியவற்றுடன் அன்றன்றே எழுதி வையுங்கள். பல்கலைக்கழகம் முதலிய கல்வி நிறுவனங்களில் பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும். அரச அலுவலகம் ஒன்று பிறந்த இடத்தையோ மொழியையோ காரணங்காட்டிப் பாகுபாடு செய்தால், அது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரைக்கு முரணானது. அதற்காக நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாதமே அவகாசம் உண்டு; அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அவகாசத்தில் கணக்கிடப்படாது. ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்; தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்ததில் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.