மார்ச் மாதத் தோல்விக்கு நவம்பரிலேயே விதை: தடை தாண்டும் பந்தயப் பருவத்தைத் திட்டமிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 நவம்பர் 23 அன்று இங்கிலாந்தின் ஆஸ்காட் திடலில் இரண்டு அருமையான குதிரைகள் நேருக்கு நேர் மோதின. ஒன்று ஆல்ட்டியோர். தடை தாண்டும் பந்தயங்களில் தொடர்ந்து 19 முறை வென்று, இரண்டு மைல் தூரத்தில் எதிரியே இல்லாமல் இருந்த குதிரை. மற்றொன்று சிர்நேம். தூரம் இரண்டு மைல் ஐந்து பர்லாங். ஆல்ட்டியோருக்குப் பழகிய தூரத்தைவிட அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அதிகம். மழையில் தரை வேறு ஊறிக் கிடந்தது. இரண்டேகால் குதிரை நீள இடைவெளியில் சிர்நேம் வென்றது.

தோற்ற குதிரையை நினைத்துத்தான் அன்று எல்லோரும் வருந்தினார்கள். என் வருத்தம் இரண்டு குதிரைகளுக்குமாகத்தான். ஐந்து வாரம் முடிவதற்குள் கெம்ப்டனில் கிங் ஜார்ஜ் பந்தயத்தில் ஓடிய சிர்நேம், தன் லாயத்தைச் சேர்ந்த கிளான் டெ ஒபோவுக்கு 21 நீளம் பின்னால் வந்து சேர்ந்தது. ஆல்ட்டியோர் பிப்ரவரியில் நியூபரியில் ஒரு முறை வென்றது. மார்ச் மாதம் செல்ட்டன்ஹாமில் ஓட வேண்டிய நேரத்தில் கால் நொண்டி விலகியது. நியூபரியில் பெற்ற அந்த வெற்றியே அதன் கடைசி வெற்றி. பருவத்தின் தொடக்கத்திலேயே இரண்டு குதிரைகளிடமிருந்தும் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுத்துவிட்டார்கள் என்பதே என் கணிப்பு.

கிண்டியில் பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். நம் ஊரில் நடப்பது சமதள ஓட்டம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலத்தில் நடக்கும் பந்தயங்களில் குதிரைகள் தடைகளைத் தாண்டி இரண்டு மைல் முதல் நான்கு மைலுக்கு மேல் வரை ஓடுகின்றன. ஹர்டில் என்பது இலகுவான தடை. குதிரையின் கால் பட்டால் சாய்ந்துகொடுக்கும். சேஸ் பந்தயங்களில் குச்சிகளைச் செறித்துக் கட்டிய, குறைந்தது நாலரை அடி உயரமுள்ள வேலிகளைத் தாண்ட வேண்டும். ஓடுபவை பெரும்பாலும் ஆண்மை நீக்கிய குதிரைகள் என்பதால் இனப்பெருக்கத்திற்காக அவசரமாக ஓய்வு கொடுக்கும் நிலை இல்லை. ஆறு வயதில் பெயர் பெற்ற குதிரை பத்து வயதிலும் திரும்பி வருகிறது. ஓராண்டுத் திட்டத்தில் செய்யும் பிழை அடுத்த மூன்று ஆண்டுகளையும் பாதிப்பது இதனால்தான்.

அக்டோபரில் சூடுபிடிக்கும் பருவத்தின் உச்சம் மார்ச் மாதச் செல்ட்டன்ஹாம் திருவிழா. அதன் மகுடம் கோல்டு கப். ஏப்ரலில் ஏய்ன்ட்ரி திடலில் கிராண்ட் நேஷனல். பிறகு அயர்லாந்தின் பஞ்சஸ்டவுனில் பருவம் நிறைவடைகிறது. இடையில் நவம்பரில் ஹேடாக், டிசம்பர் 26-இல் கெம்ப்டன், பிப்ரவரித் தொடக்கத்தில் டப்ளின் அருகே லெப்பர்ட்ஸ்டவுன் என்று பரிசுப் பணம் கொழிக்கும் நாள்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆசை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: காலண்டரை முன்னால் வைத்து அக்டோபரிலிருந்து ஒவ்வொரு பெரிய பந்தயமாகக் குறித்துக்கொண்டே போவது. உச்ச நாள் எது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இதற்கு நேட்டிவ் ரிவர் என்ற குதிரையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2016-17 பருவத்தில் அது நியூபரியில் ஹென்னஸி பந்தயத்தை வென்றது, டிசம்பரில் வெல்ஷ் நேஷனலை வென்றது, பிப்ரவரியில் டென்மன் சேஸை வென்றது. மூன்றும் ஏறத்தாழ மூன்று மைல் அல்லது அதற்கு மேல். முதல் இரண்டிலும் கனத்த எடை சுமந்து ஓடியது. பிறகு வந்த கோல்டு கப்பில் மூன்றாம் இடம். அடுத்த பருவத்தில் பயிற்சியாளர் காலின் டிஸார்ட் அதை ஒரே ஒரு முறைதான் ஓடவிட்டார், அதே பிப்ரவரி டென்மன் சேஸில். மார்ச்சில் புத்துணர்ச்சியோடு செல்ட்டன்ஹாமுக்கு வந்த குதிரை, தொடக்கம் முதலே முன்னணியில் ஓடி மைட் பைட்டை நாலரை நீளத்தில் வீழ்த்திக் கோப்பையை எடுத்துச் சென்றது. குதிரையும் பயிற்சியாளரும் மாறவில்லை. சேறாகிப்போன தரை அதற்கு உதவியது உண்மைதான். ஆனால் கடைசி மேட்டில் அது காட்டிய வலிமை, குளிர்காலம் முழுவதும் சேமித்து வைத்தது.

பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸின் குதிரை அல் பூம் ஃபோட்டோவுக்கும் இதே கணக்குதான். அயர்லாந்தின் தென்கரையில் டிராமோர் என்ற சிறிய ஊரில் புத்தாண்டு நாள் பந்தயம், அதன்பின் நேராகச் செல்ட்டன்ஹாம். 2019, 2020 இரண்டு ஆண்டுகளும் கோல்டு கப் அதற்கே கிடைத்தது. பெரிய பரிசுகள் காத்திருந்த லெப்பர்ட்ஸ்டவுனை விட்டுவிட்டு டிராமோருக்குப் போவது உரிமையாளருக்கு எளிய முடிவாக இருந்திருக்காது.

அப்படியானால் குறைவாக ஓடுவதே எப்போதும் சரியா? இல்லை. 2006-07 பருவத்தில் காட்டோ ஸ்டார் ஆறு முறை ஓடி ஆறிலும் வென்றது. அக்டோபரில் ஏய்ன்ட்ரியில் இரண்டரை மைல், நவம்பரில் ஹேடாக்கில் மூன்று மைல், டிசம்பர் தொடக்கத்தில் சாண்டவுனில் இரண்டு மைல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கெம்ப்டன், பிப்ரவரியில் நியூபரி, மார்ச்சில் கோல்டு கப். ஹேடாக், கெம்ப்டன், செல்ட்டன்ஹாம் மூன்றையும் ஒரே பருவத்தில் வெல்லும் குதிரைக்கு அறிவிக்கப்பட்டிருந்த பத்து லட்சம் பவுண்டு ஊக்கப்பரிசைப் பெற்ற ஒரே குதிரை அதுதான். 2015-16 பருவத்தில் க்யூ கார்டு முதல் இரண்டையும் வென்றுவிட்டு, கோல்டு கப்பில் கடைசியிலிருந்து மூன்றாவது வேலியில் விழுந்தது. எத்தனை ஓட்டம் என்ற எண்ணிக்கையைப் பிற குதிரையிடமிருந்து கடன் வாங்கக் கூடாது. ஓடி முடித்த குதிரை தீவனத் தொட்டியைக் காலி செய்கிறதா, இழந்த எடை எத்தனை நாளில் திரும்புகிறது, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, மூச்சுக்குழாயில் சளி இருக்கிறதா, காலை ஓட்டத்தில் தானாக இழுத்துக்கொண்டு முன்னே போகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த தேதியைக் குறிக்க வேண்டும். கடினமாகப் போராடி வென்ற பந்தயத்திற்குப் பிறகு இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்க மூன்று வாரமும் ஆகலாம், ஏழு வாரமும் ஆகலாம். தேதியை முதலிலேயே பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டால் பொறுமை போய்விடும்.

இரண்டாவது தவறு, ஒரு திடலில் கண்ட வெற்றியை எல்லாத் திடலுக்கும் பொருத்திப் பார்ப்பது. கெம்ப்டன் தட்டையான, வலப்பக்கம் சுற்றும் திடல். செல்ட்டன்ஹாம் இடப்பக்கம் சுற்றுகிறது. ஏறி இறங்கி, கடைசியில் மூச்சுமுட்டும் மேட்டில் முடிகிறது. சில்வினியாகோ கொன்டி கிங் ஜார்ஜை இரண்டு முறையும், ஹேடாக்கின் நவம்பர் பந்தயத்தை இரண்டு முறையும், ஏய்ன்ட்ரியின் ஏப்ரல் பந்தயத்தை இரண்டு முறையும் வென்றது. இவை எல்லாமே தட்டையான திடல்கள். கோல்டு கப்பில் அது மூன்று முறை முயன்றும் முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. ஏய்ன்ட்ரியை உச்ச நாளாக வைத்துக்கொண்டு செல்ட்டன்ஹாமைத் துணிந்து கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். கோல்டு கப் என்ற பெயரின் கவர்ச்சி அப்படி விடுவதில்லை.

தரையும் திடலின் ஒரு பகுதிதான். 2017 நவம்பரில் ஹேடாக்கின் கனத்த சேற்றில் பிரிஸ்டல் டெ மாய் 57 நீள இடைவெளியில் வென்றது. அந்த எண்ணைப் படித்தவர்களுக்கு அடுத்த மாதம் கெம்ப்டனிலும் அது தோற்காது என்று தோன்றியிருக்கும். கிங் ஜார்ஜில் அது வெற்றிக்கு அருகிலேயே வரவில்லை. ஆனால் 2018-லும் 2020-லும் மீண்டும் ஹேடாக்கிற்கு வந்து அதே நவம்பர் பந்தயத்தை வென்றது. அதன் நாள் எது, இடம் எது என்பது தெளிவாகவே இருந்தது. விதிவிலக்கும் உண்டு. வலப்பக்கம் சுற்றும் திடல்களையே விரும்பிய டெசர்ட் ஆர்க்கிட், 1989-இல் பனியும் மழையும் ஊறிய செல்ட்டன்ஹாம் சேற்றில் கோல்டு கப்பை வென்றது. அந்த நாளை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது. ஆனால் சிலிர்ப்பை நம்பித் திட்டம் போட முடியாது.

மூன்றாவது, மாற்றுத் திட்டம் இல்லாமை. பிரிட்டிஷ் குளிர்காலம் யாருடைய நாள்காட்டியையும் மதிப்பதில்லை. 2023-இல் செல்ட்டன்ஹாம் திருவிழாவின் சாம்பியன் ஹர்டிலை வென்ற கான்ஸ்டிடியூஷன் ஹில்லின் அடுத்த பருவத்தைப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் நியூகாசிலில் ஃபைட்டிங் ஃபிஃப்த் பந்தயத்தில் ஓட வேண்டும். உறைபனியால் அது ரத்தானது. அடுத்த வாரம் சாண்டவுனுக்கு மாற்றப்பட்டது. அங்கே தரை மிகக் கனமாக இருந்ததால் குதிரை ஓடவில்லை. டிசம்பர் 26-இல் கெம்ப்டனில் எளிதாக வென்றது. பிறகு சுவாசத் தொற்று வந்தது. மார்ச் மாதப் பட்டத்தைக் காத்துக்கொள்ளக் களத்திலேயே இறங்கவில்லை. உலகின் மிகச் சிறந்த ஹர்டில் குதிரை ஒரு பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை ஓடியது. தரை பிடிக்காதபோது விலகியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அது குதிரை மீதான அக்கறை. நோயும் யார் கையிலும் இல்லை. ஆனால் உயர்தர ஹர்டில் பந்தயங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும்போது, பனியோ மழையோ குறுக்கிட்டால் அயர்லாந்துக்குப் போவதா, தூரத்தைக் கூட்டுவதா என்பதைக் கோடையிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். அந்தக் குதிரையின் பயிற்சியாளர் நிக்கி ஹெண்டர்சனின் லாயம், 2024-இல் கான்ஸ்டிடியூஷன் ஹில் தயாராகாதபோது, சேஸ் பந்தயங்களுக்கு அனுப்ப நினைத்திருந்த சர் ஜீனோவை நியூகாசிலுக்கு அனுப்பி அந்தப் பந்தயத்தை வென்றது. தயார்நிலை என்றால் இதுதான்.

புதிதாகச் சேஸுக்கு வரும் குதிரைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பருவம் தொடங்கும்வரை அந்த வகைப் பந்தயத்தில் வென்றிராத குதிரைக்குத்தான் நாவிஸ், அதாவது புதுமுகம் என்ற தகுதி. ஏப்ரல் மாதத்தில் ஒரு சிறிய திடலில் சின்னப் பரிசுக்காக முதல் சேஸை வென்றுவிட்டால், அடுத்த ஆண்டுக்கான நாவிஸ் பெரும் பந்தயங்களின் கதவு மூடிக்கொள்கிறது. முழுப் பருவத்தையும் சில ஆயிரம் பவுண்டுக்கு விற்றதற்கு அது சமம். அடுத்து, தூரம். 2025 முதல் செல்ட்டன்ஹாம் திருவிழாவில் இரண்டரை மைல் நாவிஸ் சேஸ் முதல்தரப் பந்தயமாக இல்லை. குதிரையின் திறனுக்கேற்ப எடை ஏற்றும் ஹேண்டிகேப் பந்தயமாக மாறிவிட்டது. எனவே உயர்தர நாவிஸ் குதிரை இரண்டு மைலுக்கு இறங்க வேண்டும், அல்லது மூன்று மைலுக்கு ஏற வேண்டும். பாலிபர்ன் என்ற குதிரைக்கு அந்தப் பருவத்தில் நடந்தது அதுதான். கெம்ப்டனில் இரண்டு மைலில் சர் ஜீனோவிடம் தோற்றது, லெப்பர்ட்ஸ்டவுனில் நடுத்தர தூரத்தில் வென்றது, செல்ட்டன்ஹாமில் மூன்று மைலில் எடுபடவில்லை. பந்தய நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. சென்ற ஆண்டுப் பட்டியலை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதிவு செய்வதிலும் கஞ்சத்தனம் கூடாது. 2016-இல் ஃபாஹீன் என்ற குதிரை காயமடைந்தபோது, சாம்பியன் ஹர்டிலுக்கு முன்பதிவு இல்லாத ஆனி பவரை 20,000 பவுண்டு தாமதக் கட்டணம் கட்டிச் சேர்த்தார்கள். அது வென்றது. 2025 கோல்டு கப்பை வென்ற ஐநோ த வே யுவர் திங்கின் குதிரையையும் 25,000 பவுண்டு கட்டித்தான் பிற்பாடு சேர்த்தார்கள். கிராண்ட் நேஷனலில் அதற்குத்தான் அதிக ஆதரவு இருந்தது. கோல்டு கப் வெற்றிக்குப் பின் நேஷனலிலிருந்து விலக்கிவிட்டார்கள். இரண்டையும் அள்ளப் பார்க்காத அந்த முடிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பெரும்பணம் படைத்த உரிமையாளர்களுக்குத் தாமதக் கட்டணம் பொருட்டில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிய குதிரைக்கு, முதல் பதிவு நாளிலேயே சிறு தொகை கட்டி வாய்ப்பைத் திறந்து வைப்பதுதான் வழி. குதிரைக் காய்ச்சல் தடுப்பூசியின் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டபின் சில நாள்கள் ஓட அனுமதி இல்லை. தேதி தவறினால் பதிவு செய்த பந்தயமும் போய்விடும்.

கடைசியாக, வசந்தகாலத்தில் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஓட்டுவது. செல்ட்டன்ஹாம் முடிந்த சில வாரங்களில் ஏய்ன்ட்ரி, அதன்பின் பஞ்சஸ்டவுன். மூன்றையும் தாங்கும் குதிரைகள் உண்டு. ஆனால் மார்ச்சில் கடுமையாக விழுந்த அல்லது தன்னம்பிக்கை இழந்த குதிரையை ஏப்ரலில் சரிசெய்துவிடலாம் என்று அனுப்புவது ஆபத்து. 2025-இல் கான்ஸ்டிடியூஷன் ஹில் சாம்பியன் ஹர்டிலில் விழுந்தது. ஏப்ரலில் ஏய்ன்ட்ரியில் மறுபடி விழுந்தது. மே தொடக்கத்தில் பஞ்சஸ்டவுனில் ஐந்தாவதாக வந்தது. கோடை ஓய்வுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் நியூகாசிலில் பருவத்தின் முதல் ஓட்டத்தில் இரண்டாவது தடையிலேயே விழுந்தது. பழைய கான்ஸ்டிடியூஷன் ஹில் தடைகளைப் பறவைபோல் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நெஞ்சை அறுத்தது. மார்ச் மாத வீழ்ச்சிக்குப் பிறகே லாடத்தைக் கழற்றிப் புல்வெளிக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.