கதவு ‘படார்’ என்று சாத்திக்கொள்ளாமல் இருக்க

எனக்கு ராத்திரி என்பது காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை. விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் நைட் ஷிஃப்ட். வீடு திருவான்மியூரில், மூன்றாவது மாடி. நான் படுக்கும் அறையின் ஜன்னல் கிழக்கே பார்த்தது, கடலிலிருந்து நாலு தெரு தள்ளி. “கொடுத்து வைத்தவர்” என்பார்கள். அப்படிச் சொன்னவர் யாரும் மதியம் ஒரு மணிக்கு அந்த அறையில் தூங்கிப் பார்த்ததில்லை.

வெயில் ஏற ஏறத் தரை சூடாகும், தரைமேல் உள்ள காற்று எழும்பும், அந்த இடத்துக்குக் கடல் காற்று வரும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். அந்தப் பாடம் என் ஜன்னல் வழியாக நுழைந்து, ஹாலைக் கடந்து, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே போகும். போகிற வழியில் என் அறைக் கதவை இழுத்து ஓர் அறை. ‘கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்கேன்’ என்பீர்கள். சாத்தினால் காற்று நின்றுவிடும். ஏசி எனக்கு ஒத்துக்கொள்ளாது. காற்றும் வேண்டும், கதவும் சும்மா இருக்க வேண்டும். இரண்டு வருஷம் இதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கடைக்குப் போய் எதையாவது வாங்குவதற்கு முன், உங்கள் கதவை அறைவது காற்றா, கதவேதானா என்று பாருங்கள். விடியற்காலையில் ஜன்னல்களை எல்லாம் மூடி, ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள். அப்படியே நின்றால் குற்றவாளி காற்று. தானாகவே மெல்ல நகர்ந்து சாத்திக்கொண்டால் கீலிலோ நிலையிலோ கோளாறு. என் கதவில் இரண்டும் இருந்தது.

கீல் கோளாறை முதலில் முடித்துவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை. நான் கூப்பிட்ட ஆசாரி வந்ததும் கதவின் பூட்டுப் பக்க விளிம்பைப் பிடித்து மேலே ஒரு தூக்குத் தூக்கினார். மேல் கீல் ‘டக்’ என்று ஆடியது. “கடவாப் பல்லு மாதிரி ஆடுது பாருங்க தம்பி” என்றார். கதவின் கனம் முழுக்க மேல் கீலைத்தான் இழுக்கிறது. அதன் ஸ்க்ரூ தளர்ந்தால் கதவின் தலை பூட்டுப் பக்கமாகச் சாயும். அப்புறம் சாத்திக்கொள்ளும் இடம்தான் கதவுக்குப் பள்ளம், தண்ணீர் மாதிரி அங்கேதான் ஓடும். ஸ்க்ரூவை வெறுமனே முறுக்கினால் போதாது, ஓட்டை பெரிதாகியிருக்கும். கதவின் அடியில் செய்தித்தாளை மடித்துச் செருகி முட்டுக்கொடுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றி, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் நெருக்கமாக அடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் அதே ஸ்க்ரூவைக் கையாலேயே முறுக்குங்கள். எல்லா ஸ்க்ரூவையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அதற்கும் பிடிக்கவில்லை என்றால் ஓர் அங்குல ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு அங்குலம் போடுங்கள், நிலைச்சட்டத்தின் நல்ல மரத்தைப் போய்ப் பிடிக்கும்.

ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமாக இருந்தும் கதவு நகர்ந்தால் நிலையே சாய்ந்திருக்கிறது. நிலையைப் பெயர்க்க முடியாது. கீழ்க் கீலுக்கும் சட்டத்துக்கும் நடுவே அட்டை வைத்து உயர்த்தலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு நல்ல கனம், ஒன்று அல்லது இரண்டு. மூன்றாவது வைத்தால் கதவின் மேல்மூலை சட்டத்தில் உரச ஆரம்பிக்கும்.

இன்னொரு வழி கீல் ஆணி. உங்கள் கீலில் ஆணி தனியாகக் கழன்று வரும் வகை என்றால், ஒரே ஓர் ஆணியை மட்டும் உருவி, செங்கல்மேல் வைத்து நடுவில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு வளைந்தால் போதும். திரும்பப் போட்டால் கதவு விட்ட இடத்தில் நிற்கும். இப்போது வரும் ஸ்டீல் கீல்கள் பலவற்றில் ஆணி கழலாது, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா அறைக் கதவு ‘கிரீச்’ என்று சத்தம் போடுகிறதே என்று தையல் மெஷின் எண்ணெயை மூன்று கீலுக்கும் தாராளமாக விட்டேன். சத்தம் போனது. அன்று சாயங்காலமே அந்தக் கதவு வாழ்நாளில் முதல் முறையாக அறைந்தது. அதுவரை அதைப் பிடித்து வைத்திருந்ததே அந்தத் துருதான். எண்ணெய் விட வேண்டுமென்றால் ஒரு கீலுக்கு ஒரு சொட்டு.

சரி, காற்றுக்கு வருவோம். நம் ஊரில் படுக்கையறைக் கதவுகள் பெரும்பாலும் அறைக்குள் திறப்பவை. அதனால் காற்று எந்த அறைக்குள் ஜன்னல் வழியாக வந்து ஹாலுக்கு வெளியேறுகிறதோ, அந்த அறைக் கதவுதான் அறையும். எதிர்ப்பக்க அறையின் கதவை அதே காற்று உள்ளே தள்ளித் திறந்து வைக்கும். கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயர் வைத்தவர்கள் நம் ஆட்கள். எங்கள் வீட்டில் இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு கதவு. சித்திரை, வைகாசியில் கடல் காற்று என் கதவை அடிக்கும். ஆடியில் மேற்குக் காற்று பிடித்துக்கொண்டால் என் கதவு சாது, மேற்கே ஜன்னல் உள்ள அம்மா அறைக் கதவு ஆரம்பித்துவிடும். சந்தேகம் என்றால் வாசற்படியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு பலத்தில் தள்ளுகிறது என்று ஒரு கணக்கு போட்டேன். ஏழடிக்கு மூன்றடிக் கதவு, மணிக்கு 14 கிலோமீட்டர் காற்று முழுசாக அதன்மேல் அழுத்தினால் சுமார் 1.8 கிலோ கனம். அவ்வளவுதான். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, 28 கிலோமீட்டரில் சுமார் 7 கிலோ. இன்னொன்று, கதவு அகலத் திறந்திருக்கும்போது காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். சாத்திக்கொள்ளச் சாத்திக்கொள்ள இடுக்கு குறைந்து, கடைசி ஓரடியில் அழுத்தம் மொத்தமும் கதவின்மேல் விழுகிறது. அதனால்தான் முதலில் சோம்பலாக நகரும் கதவு முடிவில் பாய்கிறது. கதவைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டால் சிறு பிடி போதும். பாதி திறந்து வைத்தால்தான் வம்பு.

அழுத்தத்தைக் குறைக்க, காற்று வெளியேறும் பக்கத்து ஜன்னலை நாலு விரல் அளவுக்குக் குறுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது சமையலறை ஜன்னல். என் அறைக்குக் காற்று கொஞ்சம் குறையும், ஆனால் வரும். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அதுவும் சேர்ந்து இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் வைத்திருப்பார்கள். கதவு மூடினாலும் காற்று அதன் வழியாகப் போய்விடும். இப்போதைய ஃப்ளாட்டுகளில் அந்த இடத்தை அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது கதவைப் பிடித்து வைப்பது. எங்களுடையது வாடகை வீடு, தரையிலோ சுவரிலோ துளை போட்டால் ஓனர் முகம் மாறிவிடும். அதனால் முதலில் அம்மிக்குழவியை வைத்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் குழவி பறக்கவில்லை, உருண்டது. உருண்டு என் கால் கட்டைவிரலில் வந்து நின்றது. “மசாலா அரைக்கிற கல்லக் காலால தள்ளுவியாடா?” என்று அம்மா வேறு. அதோடு அது பரணுக்குப் போய்விட்டது.

இப்போது இருப்பது மணல் பை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டில் முழங்காலுக்குக் கீழே ஒரு முக்கால் அடி வெட்டி, ஒரு பக்கம் தைத்து, பாலிதீன் உறையில் கட்டிய 3 கிலோ மணலை உள்ளே இறக்கி, மறுபக்கத்தையும் தைத்துவிட்டோம். உறை கட்டாயம், இல்லாவிட்டால் மணல் கசிந்து டைல்ஸைக் கீறும். அதைக் கதவின் பூட்டுப் பக்க விளிம்பில் வைக்க வேண்டும், கீல் பக்கமாக இல்லை. கீலுக்குப் பக்கத்தில் வைத்தால் கதவு நெம்புகோலாக மாறி அதைச் சுலபமாகத் தள்ளிவிடும்.

ரப்பர் ஆப்பு பாரிமுனை ஹார்ட்வேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. கதவு எந்தப் பக்கமாகச் சாத்திக்கொள்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து செருக வேண்டும். பளபளப்பான டைல்ஸில் கொஞ்சம் தூசி இருந்தாலும் வழுக்கும், ஈரத்துணியால் தரையையும் ஆப்பையும் துடைத்துவிட்டுச் செருகினால் பிடிக்கும்.

சொந்த வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், காந்த ஸ்டாப்பர் போட்டுவிடுங்கள். கதவின் அகலத்தில் கீலிலிருந்து முக்கால் பங்கு தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். பார்வைக்கு மறைவாக இருக்கட்டும் என்று சிலர் கீல் ஓரமாக வைப்பார்கள், வேகமாகத் திறக்கும்போது அது கீலையே பிடுங்கும். டைல்ஸில் துளை போடும்போது மேல்பூச்சு தாண்டும் வரை ட்ரில்லில் ‘ஹாமர்’ வேண்டாம் என்று நீங்களே பக்கத்தில் நின்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் விரிசல் விடும். குளியலறைப் பக்கத்துத் தரையில் துளையே வேண்டாம், அடியில் குழாய் போகலாம்.

இவ்வளவுக்கும் மேல் கதவு அறைந்தால் சத்தத்தையாவது குறைக்கலாம். என் மகள் பத்தாம் வகுப்பு. அவள் கதவைச் சாத்துவதற்கும் கொண்டல், கோடைக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கதவுக்குத்தான் நுரை டேப் ஒட்டினேன். நிலையில் கதவு வந்து மோதும் விளிம்பில் ஒட்ட வேண்டும், கதவில் இல்லை. ஒட்டுவதற்கு முன் ஒரு போஸ்ட் கார்டை மடித்து இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். எத்தனை மடிப்பு வரை தாழ்ப்பாள் விழுகிறதோ அந்தக் கனத்துக்கு மேல் டேப் வாங்கினால் கதவு பூட்டாது. முழு நீளத்துக்கும் ஒட்டத் தேவையில்லை, மேலே, நடுவே, கீழே மூன்று துண்டு போதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் கதவின் மேல்விளிம்பில் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டு வையுங்கள், கதவு முழுசாக மூடாது, விரல் தப்பும்.

கதவைத் தானாக மெல்லச் சாத்தும் ஹைட்ராலிக் டோர் க்ளோசர் வாசற்கதவுக்குச் சரி. படுக்கையறைக்கு வேண்டாம், வயதானவர்கள் ஒவ்வொரு முறையும் தள்ளித் திறக்கக் கஷ்டப்படுவார்கள். ஏற்கெனவே இருந்து அதுவும் அறைகிறது என்றால், பெரும்பாலானவற்றில் பக்கவாட்டில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஒன்று மொத்த வேகத்துக்கு, மற்றது கடைசி சில அங்குலத்துக்கு. கடிகார முள் திசையில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். எதிர்த்திசையில் நிறையத் திருப்பினால் எண்ணெய் ஒழுகும், ஒழுகிவிட்டால் புதிதுதான் வாங்க வேண்டும்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு போட்ட வாசற்கதவு தனி ஆபத்து. குப்பை கொடுக்க லுங்கியோடு வெளியே போனேன், பின்னால் ‘படார்’. உள்ளே அடுப்பில் பால், மனைவி கோயிலில். பால் பொங்கி அடுப்பை அணைத்து, கேஸ் நாற்றம் வெளியே வந்த அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. அந்தப் பூட்டுகளில் நாக்கை உள்ளேயே நிறுத்தி வைக்கும் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். வெளியே கால் வைக்குமுன் அதைத் தள்ளுவது இப்போது பழக்கமாகிவிட்டது. மாற்றுச் சாவி எதிர் வீட்டு மாமியிடம்.

புயலுக்கு இதெல்லாம் உதவாது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா வந்தபோது காற்று 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்துக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டால் ஒரு கதவின்மேல் 90 கிலோவுக்குப் பக்கம். அன்றைக்கு ஸ்டாப்பரை நம்பக் கூடாது. உள்கதவுகளைச் சாத்தி, மேலும் கீழும் தாழ்ப்பாள்.

மழைக்காலத்தில் கதவு இன்னொரு வகையிலும் அறையும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து உப்பி, கதவு நிலையில் இறுகிக்கொள்ளும். சாத்த வேண்டுமென்றால் ஓங்கி இழுக்க வேண்டியிருக்கும், அந்தச் சத்தம் காற்று அறைவதைவிட மோசம். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லிவிடாதீர்கள். மழையில் இழைத்த கதவு சித்திரையில் சுருங்கி, இடுக்கு விட்டு, லேசான காற்றுக்கே தடதடவென ஆடும். இப்போதைக்கு உரசும் விளிம்பில் மெழுகுவத்தியை அழுத்தித் தேயுங்கள். மாசியில் மரம் காய்ந்த பிறகும் உரசினால், அப்போது கூப்பிடுங்கள்.