இரத்த வாயு அறிக்கையில் சிறுநீரகத்தின் வேலையைக் கண்டறிவது எப்படி?

தமனி இரத்த வாயு அறிக்கையில் முதலில் பிஎச் (இரத்தத்தின் அமில-கார அளவு), அடுத்து கார்பன் டை ஆக்சைடு, பிறகு பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் காரம்) என்ற வரிசையை எப்போதும் மாற்றாமல் பார்க்க வேண்டும். பிஎச் 7.35 முதல் 7.45 வரையிலும், கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரையிலும், பைகார்பனேட் லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல் வரையிலும் இருப்பது இயல்பு. சிரிஞ்சில் காற்றுக்குமிழி தங்கியிருந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், மாதிரி எடுத்த விதத்தையும் கேட்டறிவது நல்லது.

நுரையீரல் கார்பன் டை ஆக்சைடைச் சில நிமிடங்களிலேயே மாற்றிவிடும். பைகார்பனேட்டை மாற்றும் சிறுநீரகத்துக்கோ மூன்று முதல் ஐந்து நாட்கள் வேண்டும். இந்தத் தாமதத்தின் காரணம் சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண் அலகான நெஃப்ரானுக்குள் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் நெஃப்ரான்களின் தொடக்கத்திலுள்ள குளோமருலஸ் என்ற நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சுகளில் வடிகட்டப்படுகிறது. அதனுடன் வெளியேறும் பைகார்பனேட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதையடுத்த அண்மைச் சுருள் நுண்குழலிலேயே மீட்கப்படுகிறது. கடைசியில் சிறுநீர் வந்து சேரும் சேகரிப்பு நாளத்தின் செல்கள், அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றுகின்றன. ஆனால் சிறுநீரின் பிஎச் 4.5-க்குக் கீழே இறங்க முடியாது. ஆகவே அமிலத்தின் பெரும்பகுதி பாஸ்பேட்டுடனும் அம்மோனியாவுடனும் இணைந்துதான் வெளியேற வேண்டும். குளுட்டமினிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் திறன் படிப்படியாகவே கூடுகிறது. அதற்குத்தான் அத்தனை நாட்கள். சிறுநீர்க்குழாயும் சிறுநீர்ப்பையும் இந்தச் சமநிலையைப் பொறுத்தவரை பெரும்பாலும் வழிகள் மட்டுமே.

இந்தத் தாமதத்தை வைத்தே நோயின் வயதைக் கணிக்கலாம். கார்பன் டை ஆக்சைடு 60 ஆக உயர்ந்த ஒருவருக்கு பைகார்பனேட் 26, பிஎச் 7.26 என்றிருந்தால், மூச்சுக் கோளாறு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதே 60-இல் பைகார்பனேட் 32, பிஎச் 7.35 என்றிருந்தால், சிறுநீரகம் பல நாட்களாக ஈடுசெய்து வந்திருக்கிறது என்று பொருள். பைகார்பனேட்டின் இந்த உயர்வைத் தனியொரு நோயாக எண்ணிவிடக் கூடாது. தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான்.

பைகார்பனேட் முதலில் குறைந்திருந்தால், அதாவது வளர்சிதை அசிடோசிஸ் (மூச்சால் அல்லாத காரணத்தால் இரத்தத்தில் அமிலம் மிகுதல்) என்றால், பைகார்பனேட்டின் அளவை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணுக்கு இரண்டு கூடவோ குறையவோ கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நுரையீரலின் ஈடு போதுமானது. பிஎச் 7.29, பைகார்பனேட் 12, கார்பன் டை ஆக்சைடு 26 என்ற அறிக்கை இதற்கு அப்படியே பொருந்துகிறது. அதே பைகார்பனேட்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு 38 என்றிருந்தால், மூச்சும் சேர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறது என்று எச்சரிக்கையடைய வேண்டும்.

அடுத்து, சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்து அனயான் கேப்பை, அதாவது அளவிடப்படாத எதிர்மின் அயனிகளைக் காட்டும் இடைவெளியைக் கணக்கிடுங்கள்; பொதுவாக அது 8 முதல் 12 வரை இருக்கும். சோடியம் 140, குளோரைடு 104, பைகார்பனேட் 12 எனில் விடை 24: லாக்டேட்டையோ கீட்டோன்களையோ முற்றிய சிறுநீரகச் செயலிழப்பையோ தேட வேண்டும். குளோரைடு 116 ஆக இருந்தால் விடை 12 மட்டுமே. அப்போது வயிற்றுப்போக்கா, சிறுநீரக நுண்குழல் அசிடோசிஸா (நுண்குழல்களின் கோளாறால் அமிலம் தேங்குவது) என்ற கேள்வி எழும்.

இதற்கு விடை சிறுநீரில் கிடைக்கும். சிறுநீரின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழியுங்கள். விடை எதிர்ம எண்ணாக வந்தால், அம்மோனியம் தாராளமாக வெளியேறுகிறது, சிறுநீரகம் தன் கடமையைச் செய்கிறது, இழப்பு குடலில் என்று கொள்ளலாம். நேர்ம எண்ணாக வந்து, சிறுநீரின் பிஎச்சும் 5.5-க்கு மேல் நின்றால், சேகரிப்பு நாளம் அமிலத்தை வெளியேற்றத் தவறுகிறது என்று ஐயுறலாம். நீரிழப்பால் சிறுநீரின் சோடியம் 20-க்குக் கீழே போயிருக்கும்போது மட்டும் இந்தக் கணக்கை நம்பாமல், உடலில் நீரளவைச் சரிசெய்தபின் மீண்டும் சோதிக்க வேண்டும்.